ஸ்கேல் வைத்துப் போட்ட பெருக்கல் குறி

என் செல்ல மகள் சிட்டுவுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ன, ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பார்த்தேனே, பேரன் சோபாவின் கைப்பிடியில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான், அவன் சுகத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். இங்கே நானும் உன் அம்மாவும் முக்கால் வீடும் சௌக்கியம். மீதிக் கால் வீடு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறாள், நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவள் முடித்து வைக்கிறாள். அதிலும் இந்த விஷயத்தில் நான் குற்றவாளி, குற்றவாளி சொல்வதையும் யாராவது ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டாமா. அவள் கம்பியும் வார்னிஷும் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள், வர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். கோடு போட்ட தாள் தீர்ந்துவிட்டது, அதனால் வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்து நானே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன், அதிலேயே பத்து நிமிஷம் போயிற்று. முப்பத்திரண்டு வருஷம் ஆவண அறையில் உட்கார்ந்து பதிவேடுகளுக்குக் கோடு போட்ட கை, ஸ்கேல் இல்லாமல் இதற்கு எதுவும் வராது என்பது உனக்கே தெரியும்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன், அது என் பொய் இல்லை, உன் அம்மாவுடையது. இரண்டு மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் பின்னால் டமடமவென்று ஒரு சத்தம் கேட்டதே, என்னம்மா சத்தம் என்று நீ கேட்டாயே, பக்கத்து வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டுகிறார்கள் என்று அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் பாவம், அதே குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். இடிபட்டது நம் வீடுதான். நம் பழைய வீட்டின் முன்பக்கம் முழுக்க இப்போது உன் அம்மாவின் மோட்டார் வைண்டிங் பட்டறை. பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் வாடகை இல்லாத குடித்தனக்காரர்கள்.

அவள் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபோது இனிமேலாவது காலை நீட்டி உட்காரம்மா என்று நீ சொன்னாய், அவளும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். காலை நீட்டினாள், உண்மைதான், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நீட்டினாள், மேஜைக்கு மேலே எதிர்வீட்டு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஒரு ஃபேன் ஓடியது, உடனே தெருவில் இருக்கிற கருகின மிக்ஸியும் இறுகிப்போன தண்ணீர் மோட்டாரும் நம் வாசலுக்கு வரிசை கட்டின. அவள் வேலை செய்கிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். இடது கையில் கம்பி, வலது கையில் சுற்றுகிற எந்திரத்தின் கைப்பிடி, ஒவ்வொரு சுற்றுக்கும் உதடு அசையும். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும், அதனால் எண்ணும்போது யாரும் பேசக்கூடாது, யாராவது பேசினால் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாள் தொண்ணூற்றேழாவது சுற்றில் இருக்கும்போது என் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டுவிட்டேன். கண்ணாடி என் நெற்றியில் இருந்தது. அன்று முழுவதும் எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. அதைவிடக் கொடுமை, இந்த எண்ணிக்கையை அவள் ஒரு ஆயுதமாகவே ஆக்கிக்கொண்டாள். நான் ஏதாவது ஒரு நியாயத்தை எடுத்தால் போதும், கைப்பிடியைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்துவிடுவாள், அதற்கு மேல் நான் எந்த வாயால் பேசுவது.

இப்படியே காபியில், சுற்றின கம்பிக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனையும் சட்னிக் கிண்ணத்தில் திருகாணியுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கதவு திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே வந்துவிட்டார், நான் துண்டோடு குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம், அவர் மிக்ஸியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் ஒரு நாள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து மோட்டாரைச் சோதித்தாள், கரன்ட் சுரீர் என்று இழுத்தது, நாற்காலியோடு பின்னால் விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை, நீ இப்போது பதற வேண்டாம், அன்றைக்கு உன் பங்குக்கும் நானே பதறிவிட்டேன். எழுந்து உட்கார்ந்தவுடன் அவள் சொன்ன முதல் வார்த்தை, இனிமே இதை ஒழுங்கா ஒரு எடத்துல வெச்சு செய்யணுங்க, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு முறையா கட்டணும் என்பதுதான். தெரிந்த ஆள் எதற்கு, நான் இருக்கிறேனே என்று அன்று சாயங்காலமே ஒரு வரைபடம் போட்டேன். என் பெருமையை நானே சொல்லக்கூடாது, கோடுகள் அத்தனை நேர்த்தி. உன் அம்மா இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள், ரொம்ப அழகா இருக்கு, உள்ள எப்படிப் போறது என்று கேட்டாள். வாசல் போட மறந்திருந்தேன்.

அப்படித்தான் இன்ஜினியரம்மா வந்தார். பழைய வீடுகளைக் கடையாகவும் பட்டறையாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம், காதில் பென்சில், இடுப்பில் டேப், எதற்கும் அவசரப்படாத ஆள். வந்தவுடன் அளப்பார் என்று நினைத்தேன், அளக்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் முழுக்க உங்க வேலையை இந்த ஹால்ல செய்யுங்கம்மா, நான் சும்மா ஓரமா இருக்கேன் என்றார். மறுநாள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேஜை மாதிரி வைத்தார், உன் அம்மா சுற்றினாள், பிரித்தாள், வார்னிஷில் முக்கினாள், சோதித்தாள், அவள் நடந்த இடமெல்லாம் அவர் பின்னாலேயே போய்த் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தார், முழங்கையின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் ஹால் தரை முழுக்கச் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி கோடு. இந்தக் கோடெல்லாம் குறையணும், அதான் என் வேலை என்றார். சுற்றுகிற மேஜை தனி, சோதிக்கிற மேஜை தனி, அதற்குத் தனி மின்சார இணைப்பு, காலடியில் ரப்பர் விரிப்பு, தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே வரக்கூடாது, வார்னிஷ் காய ஓர் அறை, அதில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், வாசலிலேயே ஒரு கவுன்ட்டர், வருகிறவர்கள் அதைத் தாண்டக்கூடாது. கவுன்ட்டரைப் பற்றிச் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார், துண்டு விஷயத்தை உன் அம்மா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. பிறகு, சார் நீங்க என்ன வேலை பாப்பீங்க என்று கேட்டார். மேற்பார்வை என்றேன். ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் போட்டார், சார் நாற்காலி இங்க என்றார். கதவைத் திறந்தால் என் முழங்காலில் இடிக்கும் இடம் அது.

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகுதான் அவர் ஒவ்வோர் அறையாகப் போய் வெளிச்சம் பார்த்தார். தலைமுடி அளவுக் கம்பியைச் சுற்றுவதற்கு வெளிச்சம் வேண்டுமாம், இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிற அறை இந்த வீட்டிலேயே ஒன்றுதானாம். அது மூலை அறை. உன் அறை. ஹாலுக்கும் உன் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டால் வெளிச்சம் கொட்டும் என்றார். அந்த ரூம் என் பொண்ணோடது, அவ நிரந்தரமா இங்கேயே வரப்போறா, அதைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். இன்ஜினியரம்மா உன் அம்மாவைப் பார்த்தார். உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடியை எடுத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. நான் கோபத்தில் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சுவர்களில் எல்லாம் குறி போட்டாகிவிட்டது. இடிக்க வேண்டியதற்குச் சிவப்புப் பெருக்கல், தொடக்கூடாததற்கு நீல வட்டம். உன் அறைச் சுவரில் சிவப்புப் பெருக்கல். ஹாலுக்கும் எங்கள் படுக்கை அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் நீல வட்டம். எந்தச் சுவருக்கு ஏன் அந்தக் குறி என்று அவர் விளக்கிச் சொன்னாராம், நான்தான் தெருமுனையில் முறைத்துக்கொண்டு நின்றிருந்தேனே.

சிட்டு, இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ ரெண்டே வருஷம்ப்பா என்று சொல்லிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிறேன். உன் கட்டிலுக்கு உறை மாற்றுகிறேன், நீ பாதியில் விட்ட கீபோர்டுக்குத் துணி போர்த்துகிறேன், நீ போனில் அடுத்த வருஷம் வந்திடுவோம்ப்பா என்று சொல்லும்போதெல்லாம் அந்த அறையில் பேரனுக்கு எந்தப் பக்கம் தொட்டில் கட்டலாம் என்று பார்க்கிறேன். அவனுக்குத் தொட்டில் வயது தாண்டியே விட்டது. அந்தச் சுவர் போனால் நீ வந்து இறங்க இடமில்லை, இடமில்லாவிட்டால் நீ வரமாட்டாய், என் மூளை இவ்வளவுதான் போயிற்று. அதனால் மறுநாள் காலை உன் அம்மா ரிப்பேர் செய்த மோட்டாரைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு அப்படியே கடைக்கும் போய்வரக் கிளம்பின நேரம் பார்த்து, ஈரத்துணியை எடுத்து உன் அறைச் சுவரின் பெருக்கலைத் துடைத்தேன், படுக்கை அறைச் சுவரின் வட்டத்தைத் துடைத்தேன், இன்ஜினியரம்மா ஜன்னல் விளிம்பில் விட்டுப்போன சாக்பீஸ்களை எடுத்து அதை இங்கேயும் இதை அங்கேயும் மாற்றிப் போட்டேன். அவர்களுக்கு வேண்டியது பெரிய இடம், எந்தச் சுவர் போனால் என்ன, எங்கள் படுக்கை அறையைத் தியாகம் செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். போட்ட குறிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன், மிக நன்றாக வந்திருந்தன.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். குறி போட்ட அன்று அவர் வரவில்லை, சிவப்பை இடி, நீலத்தை விடு என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். இன்ஜினியரம்மா பதினோரு மணிக்குத்தான் வருவார், அவங்க வந்ததும் ஆரம்பிக்கலாங்க ஐயா என்று அந்த மனிதர் சொன்னார். நான்தான் மேற்பார்வை ஆயிற்றே, நேரத்தை எதுக்கு வீணாக்கணும், குறிதான் இருக்கே, ஆரம்பிச்சிடுங்க என்றேன். நல்ல வேளை, அவர் தொழில் தெரிந்த மனிதர், கடப்பாரையை எடுத்து நடுவில் ஓங்கிப் போடாமல் ஏணி வைத்து மேலேயிருந்து பூச்சைக் கொத்திக் கொத்தி ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார். ஒரு ஜன்னல் அளவுக்கு எடுத்திருப்பார், மேலே கூரையைத் தாங்குகிற உத்தரத்தின் முனை தெரிந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கூரையிலிருந்து மாவு சலித்த மாதிரி மண் கொட்டிற்று, சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடிற்று. ஐயா வெளியே போங்க, எல்லாரும் வெளியே போங்க என்று அவர் போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். தெருவில் நின்றுகொண்டு நம் வீட்டைப் பார்த்தேன். அந்த நிமிஷம் உன் அம்மா உள்ளே இருந்திருந்தால் என்று நினைத்தேன், இப்போது எழுதும்போதுகூட நினைக்கிறேன்.

இன்ஜினியரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார், முதல் வேலையாக இரும்புக் குழாய்களை வரவழைத்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். முட்டெல்லாம் இறுக்கிய பிறகு, மேஸ்திரி, நீலம் போட்ட சுவரை எதுக்குத் தொட்டீங்க என்றார். அவர், சிவப்புதாம்மா போட்டிருக்கு, வந்து பாருங்க என்றார். எல்லோரும் போய் மிச்சமிருந்த சுவரைப் பார்த்தோம். பெருக்கலின் கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. இன்ஜினியரம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். நானா இவ்வளவு அழகாப் போட்டேன் என்றார். அதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள், கையில் பையோடு முன்னால் போனாள், கோட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மெல்லிய பென்சில் கோடு இருந்தது, நடுப்புள்ளி சரியாக வருவதற்காக நான் முதலில் அளந்து போட்டது. இந்த ஊர்லயே ஸ்கேல் வெச்சு பெருக்கல் போடற ஆள் ஒருத்தர்தான் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். மேஸ்திரி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் அசடு வழிய நின்றேன், வேறு என்ன செய்ய, கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

வழக்கம்போல் திட்டியிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. கொஞ்சம் வாங்க என்று உன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள், உன் கட்டிலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தாள். அவ வரமாட்டாங்க, அங்கேயே வீடு வாங்கிட்டாங்க, பேரன் பொறந்தப்பவே எங்கிட்ட சொல்லிட்டா என்றாள். அவள் உன்னோடு மூன்று மாதம் இருந்தாளே, நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு தம்பி வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேனே, அப்போது. அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா, ஆபரேஷன் பண்ணின கண்ணு, ஆறு வாரத்துக்கு அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்று நீதான் சொன்னாயாம். ஆறு வாரம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே என்று கேட்டேன். கண்ணு சரியாச்சு, ஆனா நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த ரூமைப் பெருக்கிட்டு இருந்தீங்க, வாயத் தொறக்கவே முடியலங்க என்றாள். இடிக்கிற விஷயத்தை உன்னிடமிருந்து மறைத்ததுகூட எனக்காகத்தானாம். உன்னிடம் சொன்னால், தாராளமா என் ரூமை எடுத்துக்கோம்மா, நாங்கதான் வரலையே என்று நீ ஸ்பீக்கரில் போட்டு உடைத்துவிடுவாயாம், நான் பக்கத்திலேயே இருப்பேனாம். எவ்வளவு முன்யோசனை பார். நான் மூலையில் தொட்டிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் இருவரும் என் கண்ணுக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள்.

மூன்று நாள் எனக்குப் பல்வலி. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அழுதேன், டாக்டர் கவலைப்பட வேண்டாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்மேல் கோபமாக இருந்தது. நீ அங்கே வீடு வாங்கினதற்காக இல்லை, நல்ல வேலை, நல்ல பள்ளிக்கூடம், வாங்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. நான் போனில் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றாயே, அதற்காகத்தான் கோபம். நூறு தடவை சொல்லியிருப்பாய். நூறு தடவையும் நான் போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் போய், கேட்டியா, அடுத்த வருஷமாம் என்று சொல்வேன், அவளும் ஆமாங்க என்பாள். இதை நினைக்க நினைக்க எனக்கு மானமே போன மாதிரி இருந்தது.

நான்காம் நாள் உன் அறைச் சாமான்களை நகர்த்தினார்கள். உன் இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு அட்டை விழுந்தது. எட்டாம் வகுப்பு மார்க் அட்டை, கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது. தந்தையின் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. நான் போட்டதில்லை, என் கையெழுத்துக்கு அடியில் ஒரு நேர்க்கோடு இருக்கும், இதில் கோடு வளைந்திருந்தது. உன் அம்மாவிடம் காட்டினேன், அவள் திருட்டு முழி முழித்தாள். ஆகக்கூடி உனக்குப் பதிமூன்று வயதிலேயே இந்த வீட்டில் கெட்ட செய்திக்கெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போகிற தனிப்பாதை போட்டாகிவிட்டது. அட்டையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஏழாம் வகுப்பில் நாற்பது மார்க்குக்கு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன், நீ வெளிநாடு போகிறேன் என்றபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், வழியனுப்ப வந்த இடத்தில்கூட உன்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் யார் வந்து உண்மையைச் சொல்வார்கள். பத்தொன்பது மார்க்கை மட்டும் மன்னிக்க மாட்டேன், அதைப் பேரனிடம் நானே சொல்வேன்.

அன்று மத்தியானம் இன்ஜினியரம்மா நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்மேல் அவருக்கு இன்னும் கோபம்தான், ஆனால் தொழில் என்று வந்தால் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுகிறார். படுக்கை அறைச் சுவரில் இரும்பு உத்தரம் வைத்துப் பலப்படுத்தியாகிவிட்டது, அந்த ஓட்டையை முழுசா அடைக்க வேண்டாம் சார், சின்ன ஜன்னலா விட்டுடலாம் என்றார். உன் அம்மாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது நான் பகலில் கட்டிலில் சாய்ந்தால் பட்டறையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, கவுன்ட்டரில் நிற்கிற வாடிக்கையாளர்கள் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும். அன்று கடைசியாக இன்ஜினியரம்மா, மூலை ரூம் போயிட்டா உங்க பொண்ணு வந்தா எங்க படுப்பாங்க, அதுக்கும் எடம் பாக்கணும், வந்தா எத்தனை நாள் இருப்பாங்க என்று கேட்டார். தொழில்காரர்கள் கேட்கிற சாதாரணக் கேள்வி, கட்டில் போடுவதா மடக்குக் கட்டில் போதுமா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மா சுற்றிக்கொண்டிருந்தாள், நூற்று ஐம்பதைத் தாண்டியிருப்பாள், கை நின்றது. நான் வாயைத் திறந்தேன். மூணு வாரம் என்றேன். மூன்று வாரம், மூன்று பேர் என்று அவர் எழுதிக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன், உன் அம்மா எண்ணிக்கையை விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தாள். அத்தனை சுற்றையும் மறுபடி அவிழ்க்க வேண்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் குடித்த டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

உன் அறைச் சுவரை மறுநாள் எடுத்தார்கள். முதல் அடி ஐயாதான் போடணும் என்று மேஸ்திரி சுத்தியலை என் கையில் கொடுத்தார், கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. எங்கே அடிப்பது என்று குறித்துக்கொள்ள நான் பென்சில் கேட்டேன், உன் அம்மா ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், ஒரு செங்கல் பாதி உடைந்து என் கால் விரலிலேயே விழுந்தது, நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் சுவர் இல்லை. இன்ஜினியரம்மா சொன்னது உண்மை, இரண்டு ஜன்னல் வெளிச்சமும் ஹால் வரைக்கும் வந்துவிட்டது. புது மேஜை போட்டதும் உன் அம்மா அதில் உட்கார்ந்து முதல் கம்பிச் சுருளைச் சுற்றினாள், மேஜை அவள் முழங்கைக்குச் சரியாக இருக்கிறது, முன்பு மாதிரி முதுகை வளைக்கவில்லை, கம்பியைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை இடுக்கிப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது சிட்டு. என் ஒரு முட்டாள்தனத்தால் அவளுக்கு இது கிடைக்காமலே போயிருக்கும், அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கும். உன் கட்டிலை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அலமாரி வார்னிஷ் அறையில் நிற்கிறது, கீபோர்டை என்ன செய்வது என்று நீ சொல், இல்லாவிட்டால் நான் கற்றுக்கொள்ளப்போவதாக உன் அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

இனிமேல் போனில் அடுத்த வருஷம் என்று சொல்லாதே. தேதியைச் சொல். இத்தனாம் தேதி வருகிறோம், இத்தனாம் தேதி கிளம்புகிறோம் என்று இரண்டையும் சொல், நான் இரண்டையும் குறித்துக்கொள்கிறேன். மூன்று வாரம் என்பதை நான்காக்க முடியுமா என்று மாப்பிள்ளையிடம் நைசாகக் கேட்டுப் பார், முடியாவிட்டாலும் பரவாயில்லை. நீ வீடு வாங்கினதற்கு அப்பா இன்னும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை, இரண்டு வருஷம் பிந்திச் சொல்கிறேன், உன் வீட்டில் நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், உன் கையால் தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், என் பேரன் கணக்கில் உன்னை மாதிரி இல்லாமல் வளர வேண்டும். அந்த வீட்டில் எத்தனை அறை, எந்தப் பக்கம் வெளிச்சம் வரும், சமையலறை எப்படி, ஒன்று விடாமல் எழுது. கூரை எந்தச் சுவரில் நிற்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். ஒன்றே ஒன்று, இதை மட்டும் மறக்காதே. பதிலை என் பெயருக்கு எழுது. உடம்புக்கு முடியவில்லை, வேலையில் சிக்கல், இந்த வருஷம் வர முடியவில்லை, எதுவானாலும் இனிமேல் முதலில் எனக்குச் சொல். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த ஆசிகளுடன்,
உன் அப்பா.